சிறுதொழிலும் சர்க்கார் பாக்கியும்

பொருளாதாரம் தளர்ந்து, வாங்குவோர் கை சுருங்கி, பட்டறைகளில் இயந்திரங்கள் பாதி நாள் சும்மா நிற்கும் மந்தகாலங்களில் சிறுதொழில் நடத்துவோருக்கு அரசாங்கம் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்வி எழும்போதெல்லாம், கடன் கொடுப்பதே அதற்கு விடை என்ற அபிப்பிராயம் சட்டசபைகளிலும் வங்கிகளிலும் பத்திரிகைகளிலும் ஏறக்குறைய விவாதமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டு வருகிறது. கடன் வேண்டாம் என்று நான் வாதிக்க வரவில்லை. ஆனால் சிறுதொழில்காரரின் கையில் ரொக்கம் இல்லாமற் போவதற்கு, புதிதாகக் கடன் கொடுப்பார் இல்லாதது காரணமாவதைக் காட்டிலும், அவர் ஏற்கெனவே செய்து முடித்து வண்டியேற்றி அனுப்பிவிட்ட வேலைக்குரிய பணம் வந்து சேராததே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது என்பதும், அவ்வாறு பாக்கி வைத்திருப்போரின் வரிசையில் அரசாங்கமும் அதன் ஸ்தாபனங்களும் நிற்கின்றன என்பதும், நிவாரணத்தைப் பற்றிய நம் சிந்தனையில் பெற வேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை என்றே கருதுகிறேன்.

2020ஆம் ஆண்டின் அனுபவத்தை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு அமலாயிற்று. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 சதவீதம் வீழ்ந்துவிட்டதாக தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் முதல் மதிப்பீடு தெரிவித்தது. இந்த வீழ்ச்சி யார் தலையில் விழுந்தது என்பதை உணர்வதற்கு இன்னொரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2015–16இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, விவசாயம் நீங்கலாக, நாட்டில் சுமார் 6.3 கோடி குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் இருந்தன. அவற்றில் பிழைத்தோர் சுமார் 11 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் இத்தகைய தொழில்கள் ஏறக்குறைய 49 லட்சம். இவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் குறுந்தொழில்கள், பெரும்பாலும் உரிமையாளரும் அவர் வீட்டாரும் ஓரிரு கூலியாட்களுமாக நடத்திவருபவை. மூன்று மாதம் வருமானம் நின்றால் தாங்கும் அளவுக்குச் சேமிப்பு உடையவர்கள் இவர்களில் மிகச் சிலரே.

அரசாங்கம் கைகட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. ரிசர்வ் வங்கி மார்ச் 27ஆம் தேதி கடன் தவணைகளுக்கு மூன்று மாத அவகாசம் தந்து, பின்னர் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. மே 13ஆம் தேதி மத்திய நிதியமைச்சர் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தார்: 2020 பிப்ரவரி 29 அன்று ஒரு தொழிலுக்கு எவ்வளவு கடன் நிலுவையில் இருந்ததோ அதில் 20 சதவீதம் வரை, ஈடு கேளாமல், வங்கியானால் 9.25 சதவீதத்துக்கும் வங்கியல்லாத நிதி நிறுவனமானால் 14 சதவீதத்துக்கும் மிகாத வட்டியில், முதலாண்டில் அசல் கட்டத் தேவையின்றி நான்காண்டுத் தவணைக்குக் கூடுதற்கடன். அது வாராமற் போனால் முழுப் பொறுப்பும் அரசாங்கத்தினுடையது. திட்டத்தின் எல்லை பின்னர் 5 லட்சம் கோடி வரை உயர்த்தப்பட்டது. 2023 ஜனவரி இறுதிக்குள் சுமார் 1.19 கோடிக் கடன்தாரர்கள் இதனால் பயன் பெற்றிருந்தனர். பாரத ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு, ஏறக்குறைய 13.5 லட்சம் கடன் கணக்குகள் இத்திட்டத்தால் முழுகாமல் தப்பின என்று மதிப்பிட்டது. இது சாமானியமான சாதனை அன்று. அந்தக் கணக்குகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பட்டறையும் சில குடும்பங்களும் உண்டு.

இருந்தபோதிலும், பிப்ரவரி 29 அன்று வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன் வைத்திருந்தவருக்கே இந்த வாசல் திறந்தது என்பதை மறக்கலாகாது. நகையை அடகு வைத்தும், மைத்துனரிடம் கைமாற்று வாங்கியும், நூற்றுக்கு இரண்டு வட்டி, மூன்று வட்டி என்று மாத வட்டிக்கு வெளியில் எடுத்தும் தொழில் நடத்திய பெருங்கூட்டத்துக்கு இத்திட்டத்தில் இடமே இல்லை. கடன் வாங்காமல் சிக்கனமாக நடத்திவந்த மனிதருக்கும், நிலுவை பூஜ்யம் என்ற ஒரே காரணத்தால், பூஜ்யத்தின் 20 சதவீதமே கிடைக்கும் என்றாயிற்று.

கடன் கிடைத்தவரின் நிலையையும் சற்று ஆராய வேண்டும். கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு, குறிச்சி ஆகிய பகுதிகளில், நான்கைந்து லேத்துகளும் ஒரு மில்லிங் இயந்திரமும் வைத்துக்கொண்டு, பம்ப் கம்பெனிகளுக்கும் மோட்டார் கம்பெனிகளுக்கும் ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்யும் பட்டறைகள் நிறைய உண்டு. காஸ்டிங்கைக் கம்பெனி அனுப்பும். கடைந்து, துளையிட்டு, அளவு சரிபார்த்துத் திருப்பி அனுப்புவது பட்டறையின் வேலை. ஆட்களுக்குச் சம்பளம் சனிக்கிழமைதோறும் கொடுத்தாக வேண்டும். வாடகை மாதம் பிறந்தால் நிற்கும். மின்கட்டணம் தவறினால் இணைப்புப் போய்விடும். கம்பெனியிலிருந்து பில் பணம் வருவதோ, நல்ல காலத்திலேயே, மூன்று மாதம் கழித்துத்தான். ஓர் உதாரணக் கணக்கு போடலாம். மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்யும் ஒரு பட்டறைக்கு 90 நாளில் பணம் வருமானால், எந்த நாளில் பார்த்தாலும் அதற்கு வெளியே நிற்கும் பாக்கி 30 லட்சம். மந்தகாலம் வந்து, கம்பெனி தன் ரொக்கத்தைக் காத்துக்கொள்ளும் பொருட்டு 90 நாளை 150 நாளாக்கினால், விற்பனை ஒரு ரூபாய்கூடக் குறையாதிருந்தாலும், பாக்கி 50 லட்சமாகிவிடும். அந்த இருபது லட்சத்தைப் பட்டறைக்காரர் எங்கிருந்தாவது புரட்டியாக வேண்டும். அவருக்கு வங்கியில் கேஷ் கிரெடிட் 20 லட்சம் இருந்தால், அவசரகாலத் திட்டம் அவருக்குத் தருவது 4 லட்சம். அதையும் அவர் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். கம்பெனி தாமதித்த 20 லட்சத்துக்கோ அவர் வட்டி கேட்பது நடைமுறையில் இல்லை.

ஆகவே மந்தகாலத்தில் நிகழ்வது வெறும் வியாபாரக் குறைவு மட்டுமன்று. மேலே இருப்பவர் தம் சிரமத்தைத் தமக்கு அடுத்த படியில் இருப்பவர்மேல் இறக்கிவைக்க, அவர் அதைத் தமக்குக் கீழுள்ளவர்மேல் இறக்கிவைக்க, இறக்கிவைக்க இடமில்லாத கடைசி மனிதர் அதைத் தம் வீட்டுக்குள் கொண்டு செல்கிறார். வட்டி வாங்காமல், பத்திரம் எழுதாமல், திருப்பித் தரும் தேதி குறிக்காமல், எளியவர் வலியவருக்குக் கொடுக்கும் கடன் இது. இதை நிவாரணத்தின் மையப் பொருளாகக் கொள்ளாமல், அந்தக் கடைசி மனிதருக்கு இன்னொரு கடனைக் கொடுப்பது, பாக்கி வைத்தவருக்கு அவர் மூலமாக உதவுவதாகவே முடிகிறது. அரசாங்க உத்தரவாதத்தோடு வந்த பணத்தில் ஒரு பகுதி இவ்வழியே சென்றிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதில் அரசாங்கத்தின் பங்கு யாது? முதலாவதாக, சரக்கு மற்றும் சேவை வரியை எடுத்துக்கொள்வோம். பில் எழுதிய மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டிவிட வேண்டும் என்பது பொது விதி. பில்லுக்குப் பணம் வந்ததா என்பதை அந்த விதி கேட்பதில்லை. பொறியியல் ஜாப் ஆர்டர் வேலைக்கு 2019 அக்டோபரில் வரி 18 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைக்கப்பட்டது அப்போது நல்ல காரியமே; ஆனாலும் செலவில் பெரும்பகுதி கூலியாக இருக்கும் பட்டறைக்கு, கழித்துக்கொள்ளத்தக்க உள்ளீட்டு வரி சொற்பமே. மேற்சொன்ன உதாரணப் பட்டறை, வரவேண்டிய பணம் வருவதற்கு முன்பே, ஏறக்குறைய இரண்டு மாத வரியை அரசாங்கத்துக்கு முன்பணமாகக் கட்டியபடியே இருக்கும். தாமதித்தால் வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். 2020இல் சில மாதங்களுக்கு இவ்வட்டி தள்ளுபடி செய்யப்பட்டும் குறைக்கப்பட்டும் சலுகைகள் வந்தன. அடிப்படை விதி மாறவில்லை.

இரண்டாவதாக, அரசாங்கமே வாங்குபவராக இருக்கும் நிலை. இலாகாக்கள், பொதுத்துறை நிறுவனங்கள், மின் விநியோகக் கழகங்கள், நகராட்சிகள் ஆகியவை மேஜை நாற்காலியிலிருந்து மின்மாற்றி வரை சிறுதொழில்களிடம் வாங்குகின்றன. 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் ஆணை மத்திய அரசின் கொள்முதலில் 20 சதவீதத்தை இவர்களிடம் வாங்க வேண்டும் என்றது; 2018இல் அது 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வாங்குவதற்கு இவ்வளவு அக்கறை காட்டிய சட்டபுத்தி, பணம் கொடுப்பதில் அதே அளவு செயற்பட்டதாகக் காணவில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு தொழில்களிடமிருந்து சரக்கையோ சேவையையோ பெற்றுக்கொண்டவர் 45 நாளுக்கு மேற்படாமல் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும் என்றும் திட்டவட்டமாக விதிக்கிறது. அப்படி இருந்தும், 2020 மே மாத நிவாரண அறிவிப்பில், அரசாங்கமும் பொதுத்துறை நிறுவனங்களும் சிறுதொழில்களுக்குத் தரவேண்டிய பாக்கியை அடுத்த 45 நாட்களில் தந்துவிடும் என்பதும் ஓர் அம்சமாக இடம்பெற்றது. பதினான்கு ஆண்டுகளாக அமலில் இருந்த சட்டத்தின்படி முன்னமேயே தீர்ந்திருக்க வேண்டிய கடமை ஒன்று, பேராபத்துக் காலத்தின் உதவியாக அறிவிக்கப்படும் நிலைமை வந்தது வருத்தத்துக்குரியது.

சட்டம் இருந்தும் பலன் ஏன் முழுமையாக இல்லை என்றால், புகார் செய்யும் பாரத்தை அது பலவீனமானவர் தோளில் வைத்திருப்பதே பிரதான காரணம். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் இதற்கென வசதிமன்றங்கள் உண்டு. 90 நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது விதி. தீர்ப்பை எதிர்த்து வழக்காடுவோர் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்பதும் விதி. 2017 அக்டோபரில் இணையவழியே புகார் பதியும் வசதியும் வந்தது. ஆனால் ஒரே கம்பெனியை நம்பிப் பிழைக்கும் பட்டறைக்காரர், அந்தக் கம்பெனியின்மேல் மனுக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதே வாசலில் அடுத்த ஆர்டருக்காக நிற்க முடியுமா? பாக்கி வருகிறதோ இல்லையோ, ஆர்டர் நிற்காமல் இருந்தால் போதும் என்று அவர் வாய் திறவாதிருப்பதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லலாகாது. நான்கு பேருடைய சனிக்கிழமைச் சம்பளம் அந்த மௌனத்தில் தங்கியிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த வருமான வரித் திருத்தம், உரிய கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுக்கிற ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்று வாங்குபவரைக் கட்டுப்படுத்தியது. எவரும் புகார் செய்யத் தேவையின்றித் தானே இயங்கும் ஏற்பாடு என்ற வகையில் இது போற்றத்தக்கது. எனினும் வருமான வரி கட்டாத அரசாங்க இலாகாவை இது தொடாது.

மந்தகாலத்தில் கடன் ஒன்றே பரிகாரமாகாது என்பதற்கு உலக அனுபவமும் சாட்சி. அமெரிக்காவில் பெருமந்தத்தின் நடுவே, 1934 ஜூனில், மத்திய ரிசர்வ் வங்கிகளும் புனரமைப்பு நிதிக் கழகமும் தொழில்களுக்கு நேரடியாகக் கடன் தரலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது; எதிர்பார்த்த அளவுக்குக் கடன் போய்ச் சேரவில்லை. அதே நாட்டில் 2009, 2010ஆம் ஆண்டுகளில், உங்களுடைய தலையாய கஷ்டம் எது என்று சுயேச்சைத் தொழில் சம்மேளனம் மாதந்தோறும் தன் உறுப்பினர்களைக் கேட்டபோது, மிகுதியானோர் சொன்ன விடை விற்பனைக் குறைவு என்பதே. கடன் கிடைக்காமை என்றவர் மிகச் சிலர். வரிக் குறைப்பும் எல்லோரையும் எட்டிவிடுவதில்லை; நம் நாட்டில் 2008 டிசம்பரில் மந்தத்தை எதிர்க்க மத்திய கலால் வரி 4 சதவீதப் புள்ளி குறைக்கப்பட்டபோது, ஆண்டு விற்பனையில் 1.5 கோடி ரூபாய் வரை கலால் விலக்குப் பெற்றிருந்த சிறு ஆலைகளுக்கு அதனால் நேரான லாபம் ஏதும் விளையவில்லை. பெரிய ஆலைகளுக்கு எதிரே அவர்களுக்கு இருந்த வரி அனுகூலமே அந்த அளவுக்குச் சுருங்கிற்று. இதற்கு மாறாக, முப்பதுகளின் மந்தத்தில் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளருக்காக 1935இல் தோன்றி, பிற்காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர் பெற்ற கூட்டுறவு ஸ்தாபனம், நெய்த துணிக்குச் சந்தை தேடித் தருவதைத் தன் முதற்கடமையாகக் கொண்டு இன்றளவும் நிலைத்திருக்கிறது.

பாக்கியைத் தீர்ப்பதன் பலனை அளந்து பார்த்த ஆராய்ச்சியும் உண்டு. 2011இல் அமெரிக்க மத்திய அரசு, சிறு ஒப்பந்ததாரர்களுக்குப் பணம் தரும் கெடுவை 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைத்தது. ஆண்டுக்கு 6,400 கோடி டாலர் அளவுள்ள ஒப்பந்தங்களை அது தழுவியது. ஒரு டாலர்கூடப் புதிதாகச் செலவிடப்படவில்லை. தரவேண்டியது இரண்டு வாரம் முன்பாகத் தரப்பட்டது, அவ்வளவே. இதை ஆராய்ந்த ழான்-நொயெல் பாரோ, ரமணா நந்தா ஆகிய இருவரும், முன்கூட்டி வந்த ஒவ்வொரு டாலருக்கும் ஏறக்குறைய 10 சென்ட் அந்தத் தொழில்களின் சம்பளப் பட்டியலில் கூடியதைக் கண்டனர். வேலையின்மை மிகுந்த ஊர்களில் இந்தப் பலன் மெய்யான புது வேலையாகவும், ஆள் கிடைப்பது அரிதான ஊர்களில் பிற தொழில்களின் ஆட்களை இழுப்பதாகவும் முடிந்தது என்பது அவர்களது முடிவின் இன்னொரு பகுதி. அதாவது, மந்தம் எவ்வளவுக்கு ஆழமோ அவ்வளவுக்கு இந்த மருந்து பலிக்கிறது. ஸ்பெயினில் 2012இல் நகராட்சிகளும் மாகாணங்களும் வருஷக்கணக்காகத் தேக்கி வைத்திருந்த பில்களை, சுமார் 2,700 கோடி யூரோ அளவுக்கு, மத்திய அரசு ஏற்படுத்திய நிதியின் மூலம் சரக்குக் கொடுத்தவர்களுக்கே நேராகக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை நகராட்சிகள், மாகாணங்களின் பெயரில் நீண்டகாலக் கடனாக எழுதிக்கொண்டார்கள். மறைந்திருந்த கடன் வெளிப்படையான கடனாயிற்று. அதைச் சுமக்கும் பொறுப்பும், சுமக்கத் தகுதியுள்ளவரிடம் போய்ச் சேர்ந்தது.

வருவாய் வீழ்ந்த காலத்தில் அரசாங்கம் பணத்துக்கு எங்கே போகும் என்ற ஆட்சேபத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2020இல் மாநிலங்களின் வரி வருமானம் குன்றி, சரக்கு மற்றும் சேவை வரி இழப்பீட்டுத் தொகைக்கு மத்திய அரசுடன் வாதாட வேண்டிய நிலை வந்தது உண்மை. ஆனால் பில்லைக் கொடுக்காமல் வைப்பதும் கடன் வாங்குவதே அல்லவா? நம் அரசாங்கங்களின் கணக்கு ரொக்க முறையில் எழுதப்படுவதால், பணம் கொடுத்தால்தான் அது செலவு; கொடுக்காத பில் பற்றாக்குறையில் ஏறாது. மார்ச் மாதத்தில் பாஸாக வேண்டிய பில்லை ஏப்ரலுக்குத் தள்ளினால் அந்த ஆண்டின் பற்றாக்குறை காகிதத்தில் குறைந்து காணும். 2020இல் மத்திய அரசு பத்தாண்டுக் கடனை ஏறக்குறைய 6 சதவீத வட்டிக்குத் திரட்ட முடிந்தது. அதே காலத்தில் பட்டறைக்காரர் வெளியில் எடுத்த பணத்துக்கு ஆண்டுக்கு 24 முதல் 36 சதவீதம். 6 சதவீதத்துக்குப் பணம் கிடைக்கக்கூடியவர், 36 சதவீதம் கட்ட வேண்டியவரிடம் வட்டியில்லாக் கடன் வாங்குவது, தர்மத்துக்கு விரோதம் என்பது ஒருபுறமிருக்க, தேசத்தின் கணக்கிலும் நஷ்டமே.

பில் எழுதிப் பிழைக்காதவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டீக்கடைக்காரருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் அரசாங்கம் பாக்கி வைக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது வாங்குவோர் கையில் காசு. 2020 ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய்க் கடன் திட்டம் வந்தது. ஆயினும் அவ்வாண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய 61,500 கோடியோடு கூடுதலாக 40,000 கோடி சேர்க்கப்பட்டதே அவர்களுக்குச் செய்யப்பட்ட பேருதவி என்று நான் மதிக்கிறேன். கிராமத்தில் கூலியாக இறங்கிய பணம் மளிகைக்கடைக்கும் டீக்கடைக்கும் அந்த வாரமே வந்துவிடுகிறது. அந்தக் கூலியையும் 15 நாளில் தர வேண்டும் என்று சட்டம் உண்டு. அங்கும் தாமதம் என்ற பழைய நோய் புகுந்திருப்பது கண்கூடு.

அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு முதலே, மத்திய இலாகா கெடு தவறினால், சரக்குக் கொடுத்தவர் கேட்காமலே வட்டி சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. நம் கருவூலங்கள் இன்று கணினிமயமாகிவிட்டபடியால், பில் பதிவான தேதியிலிருந்து 45ஆம் நாள் கடந்ததும் வட்டி தானே ஏறும்படி செய்வதில் தொழில்நுட்பச் சிரமம் எதுவும் இல்லை; அந்த வட்டி எந்த இலாகாவின் எந்தத் தலைப்பில் விழுந்தது என்பது தெரியும்போது, கோப்பு எந்த மேஜையில் தங்கிற்று என்பதும் தெரிந்துவிடும். கம்பெனிகள் சிறுதொழில்களுக்கு 45 நாளுக்கு மேல் வைத்திருக்கும் பாக்கியை, காரணத்தோடு, ஆண்டுக்கு இருமுறை கம்பெனிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி 2019 முதல் இருக்கிறது. மத்திய வரவு செலவுத் திட்டத்தோடு, விதிக்கப்பட்டும் வசூலாகாத வரிகளின் பட்டியல், எத்தனை ஆண்டுப் பழமை என்ற விவரத்தோடு அச்சிடப்பட்டு வருகிறது. அதே ஒழுங்கோடு, ஒவ்வோர் இலாகாவும், மின் கழகமும், நகராட்சியும் சிறுதொழில்களுக்குத் தரவேண்டிய தொகை எவ்வளவு, அதில் 45 நாள் கடந்தது எவ்வளவு, ஓராண்டு கடந்தது எவ்வளவு என்ற பட்டியலும், மத்திய மாநில வரவு செலவுத் திட்டங்கள் இரண்டிலும், அடுத்த மந்தம் வருவதற்கு முன்பே இடம்பெற வேண்டும்.